சாமியார்பேட்டையில் சொல்லியிருக்க வேண்டியது

மகனே,

உனக்கு என் ஸலாம். நீ நல்லபடியாக துபாய் போய்ச் சேர்ந்தாய் என்று மருமகள் போனில் சொன்னாள். வழக்கமாக நலம் விசாரித்துத்தான் தொடங்குவேன். இந்த முறை அதற்குள் நுழைந்தால் அங்கேயே தங்கிவிடுவேன் என்று பயந்து நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை இதற்கு முன் நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்று தடவை மழையைப் பற்றியும் என் முழங்காலைப் பற்றியும் எழுதியதிலேயே தாள் தீர்ந்தது. நான்காவது தடவை விஷயம் வந்தது. ஆனால் ஒவ்வொரு வரியும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளவே வந்தது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "சொல்லுங்க வாப்பா" என்றால், "ஒண்ணுமில்ல, சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவேன். என்னை உனக்குத் தெரியாதா.

இது உன் சலீம் மாமாவைப் பற்றியது. உன் உம்மா இறந்த அன்று, நீ வந்து சேர்வதற்குள் அவளை அடக்கம் செய்துவிட்டோம். யார் எடுக்கச் சொன்னது என்று நீ கேட்டாய். "நான்தான் சொன்னேன்" என்றார் அவளுடைய தம்பி, உன் மாமா. அன்றிலிருந்து இந்த மூன்று ஆண்டுகளாக நீ அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகனே, எடுக்கச் சொன்னது அவர் இல்லை. நான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இந்த ஒரு வரியைத்தான் போன மாதம், நீ என்னைக் கடலோரமாகக் காரில் கூட்டிப்போன அன்று சொல்வதாக இருந்தேன். அந்த நாள் முழுக்க அது என் வாய்க்குள்ளேயே இருந்தது. ஏன் சொல்லாமல் போனேன் என்பதையும், அந்தக் காரியத்தை எப்படிச் செய்தேன் என்பதையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைபடம் போட்டவன் நான். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போனால்தான் எனக்கு எதுவும் வரும்.

முதல் புள்ளி, நாம் காரில் போனதற்கு முந்தின நாள். மாமா பரங்கிப்பேட்டையிலிருந்து நஸ்ரினின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அவருக்கு இருப்பது அந்த ஒரே பெண். நீ உள் அறையில் இருந்தாய். வாசலில் அவர் குரல் கேட்டதும் நீ கதவைச் சாத்தினாய்; அந்தச் சத்தம் கூடத்தில் எங்கள் இருவருக்கும் கேட்டது. "மருமவன் இருக்காரா மச்சான்?" என்றார். "தூங்குறான்" என்றேன். மணி பதினொன்று. "அப்டியா? துபாய்ல வேலை ஜாஸ்தி போல. தூங்கட்டும், எழுப்பாதீங்க" என்று சிரித்தார். பத்திரிகை உறையில் உன் பெயரை மட்டும் தன் கையால் எழுதியிருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் நஸ்ரின் எழுதினாளாம். டீயைப் பாதி குடித்துவிட்டு எழுந்தவர், மூடிய கதவைப் பார்த்துக் கொஞ்சம் உரக்கச் சொன்னார்: "அல்வா பொட்டலம் வச்சிருக்கேன் மச்சான். இந்த வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு ஒரு பெரிய பூனை படுத்திருக்குது. அது திங்கலன்னா நீங்க தின்னுங்க." அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் செருப்பைப் போடும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் வயதாகிறது என்று அன்றுதான் என் கண்ணில் பட்டது.

அன்று சாயங்காலம் நீ வெளியே வந்து, பத்திரிகையைத் தொடாமல், "நாளைக்கு சும்மாத்தான் இருக்கேன் வாப்பா. கடலோரமா அப்படியே பிச்சாவரம் வரைக்கும் போயிட்டு வருவமா? அங்கங்க எறங்கி நடப்போம்" என்றாய். என்னை யாரும் அப்படி எங்கும் அழைத்து எத்தனையோ காலம் ஆயிற்று. உடனே கோடு போட்ட தாளை எடுத்து அட்டவணை எழுத உட்கார்ந்தேன். ஏழு மணி தேவனாம்பட்டினம், நாற்பது நிமிடம். எட்டு மணி பழைய டவுன் துறைமுகம், இருபது நிமிடம். ஒன்பதரை சாமியார்பேட்டை, ஒரு மணி நேரம். பிறகு பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், சிதம்பரத்தில் சாயங்கால டீ. நீ என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "எல்லாம் சரி வாப்பா, ஒண்ணுக்குப் போறதுக்கு எத்தனை மணின்னு போடலியே" என்றாய். "அது சாமியார்பேட்டையில சேத்துதான் போட்டிருக்கேன்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாமியார்பேட்டைக்கு ஏன் ஒரு மணி நேரம் என்று நீ கேட்கவில்லை. அந்த வரிக்கு நேராகப் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்திருந்தேன். அங்கேதான் உன்னிடம் சொல்வதாக முடிவு செய்திருந்தேன்.

தேவனாம்பட்டினத்தில் நாம் ஆறு கடலில் சேரும் இடத்தை நோக்கி மணலில் நடந்தோம். நான் வழக்கம்போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அலை தொடாத கோட்டில் நடந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் இதே மணலில் நீயும் உம்மாவும் தண்ணீரில் நிற்பீர்கள். நான் கரையில் நாலு ஜோடிச் செருப்புக்குக் காவல் இருப்பேன். நாலாவது ஜோடி மாமாவுடையது. அவர்தான் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அலைக்குள் போவார். அன்றெல்லாம் ஐந்தரை ஆனதும் நான் கரையிலிருந்து கையைக் காட்டுவேன், ஆறரை மணி பஸ்ஸுக்கு. "இந்த மனுசரு பஸ் எடுக்கறவனுக்கு முன்னாடி போய் பஸ்ஸை எழுப்பணும்" என்று உம்மா சேலையைப் பிழிந்துகொண்டே திட்டுவாள். இப்போது நீ என் முழங்கையைப் பிடித்து, "ஒரு தடவை எறங்குங்க வாப்பா, கணுக்கால் அளவுதான்" என்றாய். கணுக்கால் நனைய நின்றேன். தண்ணீர் எதிர்பார்த்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்தை நான் ஏன் செய்யாமல் இருந்தேன் என்று தோன்றியது. அந்த நினைப்பே, அன்று சொல்லிவிடலாம் என்ற தைரியத்தையும் கொடுத்தது.

துறைமுகத்தில் படகுகளைப் பார்த்துவிட்டு, புதுச்சத்திரத்தில் திரும்பி, சாமியார்பேட்டைக்கு வந்தோம். ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சவுக்குத் தோப்புக்குள் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். தரையெல்லாம் சவுக்கு ஊசி உதிர்ந்து மெத்தையாக இருந்தது. காலடிச் சத்தம்கூட இல்லை. யாரும் இல்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "தம்பி, மாமாவைப் பத்தி ஒண்ணு..." என்று தொடங்கினேன். நீ நின்றாய். திரும்பாமலேயே, "மாமா பேச்சு வேணாம் வாப்பா. இன்னிக்கி ஒரு நாள் மட்டும். ப்ளீஸ்" என்றாய். "சரிப்பா" என்றேன். மகனே, உண்மையை எழுதுவதாக உட்கார்ந்த பிறகு இதையும் எழுத வேண்டும்: எனக்கு அப்போது ஏமாற்றம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. பரீட்சை தள்ளிப்போன பிள்ளைபோல இருந்தேன். கரையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மாள், "என்னா பெரியவரே, மூஞ்சி இவ்ளோ சந்தோசமா இருக்குது, புள்ள ஊர்லேந்து வந்திருக்காரா?" என்று கேட்டாள். நானும் ஆமாம் என்றேன். ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்த இடத்தில் இரண்டு துண்டு வஞ்சிரமும் சாப்பிட்டு, கூடுதலாகப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். நேரம் தவறியதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நீ ஆச்சரியப்பட்டாய்.

அட்டவணையில் அடுத்தது பரங்கிப்பேட்டை. அதற்கு எதிரே "டீ, இருபது நிமிடம்" என்று எழுதியிருந்தேன். யார் வீட்டில் டீ என்று எழுதவில்லை. அன்னங்கோயில் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் நீ பாட்டை நிறுத்தினாய். மாமா வீட்டு முன்புறம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா தெருவில் நின்று, இடுப்பில் கைவைத்து, மேலே பார்த்து ஆளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நம் வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கையைத் தூக்கி, தெருவின் நடுவுக்கு ஓரடி வந்தார். நீ பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்து ஓட்டினாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன், தூங்குவதுபோல. "நிறுத்து" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். என்மேல் இருக்கும் மரியாதைக்காகவாவது நிறுத்தியிருப்பாய். வெள்ளாற்றுப் பாலம் ஏறின பிறகுதான் கண்ணைத் திறந்தேன். "தூங்கிட்டீங்களா வாப்பா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். ஒரே வீதியில் இரண்டு பேருக்குப் பொய் சொன்னேன்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு எடுத்தோம். சுரபுன்னைகளுக்கு நடுவே வாய்க்கால் குறுகி, கிளைகள் தலையில் இடிக்க ஆரம்பித்தன. படகுக்காரர், "குனிஞ்சுக்குங்க பெரியவரே. இங்க மரந்தான் மொதலாளி, நாமெல்லாம் கூலியாளு" என்றார். நீ சிரித்தாய். நடுவே ஓரிடத்தில் அவர் துடுப்பை நிறுத்தினார். வேர்களுக்கு அடியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அங்கேதான், என்னைப் பார்க்காமல், நீ பேசினாய். "உம்மா இதையெல்லாம் பாத்ததே இல்லல்ல வாப்பா." இல்லை என்றேன். "எனக்குக் கெடச்சது மண்ணு மட்டுந்தான். மேல கை வச்சேன், ஈரமா இருந்துச்சு. மூஞ்சியைக்கூட பாக்க விடல அந்த ஆளு. ஒண்ணேகால் மணி நேரம் வாப்பா. ஒண்ணேகால் மணி நேரம் அந்த ஆளால பொறுக்க முடியல." படகுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நீ முகத்தைத் துண்டால் துடைத்தாய். உன்னைத் தோளில் வைத்துக் கடலுக்குள் போனவர் 'அந்த ஆள்' ஆகிவிட்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு நான் அந்தக் குறுகலான படகில், உன் முழங்காலில் என் முழங்கால் இடிக்க, எதிரே உட்கார்ந்திருந்தேன். உன் கையைப் பிடித்தேன்.

கரைக்கு வந்து அங்கே இருக்கும் காட்சிக் கோபுரத்தில் ஏறினோம். பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு கூட்டம், கல்லூரிப் பிள்ளைகள், நெருக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பதறி, "நான் எறங்கிடறேன், அவுங்க போவட்டும்" என்றேன். நீ என்னைச் சுவர் ஓரமாக உட்காரவைத்து, படியின் குறுக்கே நின்றுகொண்டு, அவர்களிடம், "கொஞ்சம் இருங்கப்பா. பெரியவரு மூச்சு வாங்கட்டும்" என்றாய். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர்களும் நின்றார்கள். ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஒரு பெண், "மெதுவா வாங்க தாத்தா, மரம் எங்கியும் ஓடிடாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்தப் படியில் உட்கார்ந்தபடி நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. மூச்சிரைப்பு என்று நினைத்து நீ முதுகைத் தடவினாய். மகனே, உன் உம்மாவுக்காக நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் அதுதான். கொஞ்சம் இருங்க. அவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடிய சொல் அது என்று அன்றுதான் பார்த்தேன்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவள் குழாயடியில் விழுந்தாள். ஆறு மணிக்கு டாக்டர் வந்து இல்லை என்றார். ஏழு மணிக்கெல்லாம் மாமா பரங்கிப்பேட்டையிலிருந்து வந்துவிட்டார். உனக்குப் போன் செய்தது, டிக்கெட் கிடைத்ததா என்று கேட்டது, சென்னைக்கு வண்டி அனுப்பியது, எல்லாம் அவர். நீ வரும்வரை வைத்திருக்க வேண்டும் என்று ஐஸ் பெட்டிக்கும் அவர்தான் ஏற்பாடு செய்தார். பதினொரு மணிக்குப் பெட்டி வந்தது. இரண்டரைக்கு நீ சென்னை விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்து, "வச்சிருங்க வாப்பா, நான் வந்துடுறேன்" என்றாய். "சரிப்பா, பதறாம வா" என்று நான் வாக்குக் கொடுத்தேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நாலேகால் மணிக்கு பள்ளிவாசல் ஹஜ்ரத் என்னிடம் வந்தார். "அஸர் தொழுதுட்டு எடுக்கலாமா, இல்ல மகன் வர்ற வரைக்கும் வைக்கலாமா? ரெண்டுல எதுன்னாலும் சரி. நீங்க சொல்றதுதான்" என்றார். நன்றாகக் கேள். அவர் அவசரப்படுத்தவில்லை. மாமா பக்கத்திலேயே நின்றார். "புள்ள செங்கல்பட்டு தாண்டிட்டான் மச்சான். ராத்திரி இஷா தொழுதுட்டு எடுப்போம்" என்றார். நான் வாசலைப் பார்த்தேன். தெருவை அடைத்துப் பந்தல். பந்தல் போதாமல் வெயிலில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். மஞ்சக்குப்பம் ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், சர்க்கரை வியாதிக்காரர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் திரும்பிப்போகும் பஸ்ஸைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் கையைக் கீழே இறக்கினார். "எடுத்துடலாம்" என்றேன். மாமா என்னைப் பார்த்தார். "எல்லாரும் நிக்கிறாங்க சலீம்" என்றேன். "நிக்கட்டும் மச்சான்" என்றார். "வேணாம். எவ்வளவு நேரம் நிப்பாங்க." புருஷன் நான், என் சொல்தான் சொல். வாழ்க்கையில் முதல் தடவையாக என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அதை நான் அப்படிச் செலவழித்தேன்.

பின்னால் எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிக்கொண்டேன். அடக்கத்தைத் தாமதிக்கக் கூடாது என்பது மார்க்கம். மூச்சு முட்டும் என்று லிஃப்டில்கூட ஏறாதவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கப் பொறுக்கவில்லை. எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றும் உண்மை இல்லை. எனக்காக நாலு பேர் வெயிலில் நிற்கிறார்களே என்ற கூச்சம். அவ்வளவுதான் காரணம். ரேஷன் கடையில் பின்னால் நிற்பவர் முனகினால் எண்ணெய் வாங்காமலே வந்துவிடுகிறவன் நான். டாக்டர் வேறு ஆளைப் பார்த்துவிடுவாரோ என்று பாதி நோயை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருகிறவன். அந்தக் கூச்சம்தான் உன் உம்மாவின் முகத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஐந்து மணிக்குத் தூக்கினோம். அடக்கம் செய்யும் மையவாடிக்கு நடக்கும்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது. உன் பெயர். அடித்து ஓயும்வரை கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நடந்தேன்.

நீ வந்தபோது ஆறேகால். வண்டி நிற்பதற்குள் குதித்தாய். வாசலில் ஐஸ் பெட்டி காலியாக நின்றது. உனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. "யாரு எடுக்கச் சொன்னது?" என்று கத்தினாய். நான் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முயன்றேன் என்று எழுத ஆசை. எழுந்திருக்கவில்லை. மாமா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு முன்னால் போய், "நான்தான்டா சொன்னேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு" என்றார். நீ அவர் சட்டையைப் பிடித்தாய். இரண்டு பித்தான் தெறித்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை நீ துபாய்க்குத் திரும்பிப் போன மூன்றாம் நாள் நான் பஸ் ஏறி அவரிடம் போனேன். சுண்ணாம்பு முடிந்து ஜன்னலுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க மச்சான். கல்யாணம் அடுத்த மாசந்தான். பஸ்ஸுக்குத்தான் முந்திப் போவீங்கன்னு அக்கா சொல்லும், கல்யாணத்துக்குமா?" என்றார். பையனிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. பெயின்ட் அடிப்பவரைப் பார்த்து, "போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்று அனுப்பினார். "இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? விடுங்க மச்சான். நான் மாமன். எம் மேல இருக்கற கோவம் ஒரு ஓரமா கெடக்கும். அதோடயே அவன் சாப்புடுவான், தூங்குவான், புள்ளையை வளப்பான். வாப்பா மேல வந்துச்சுன்னா அவன் எங்க போவான்? நீங்க எங்க போவீங்க? இந்த வயசுல ஒண்டியா."

"உனக்கு வருத்தம் இல்லியா?" என்று கேட்டேன். "இல்லாம? அன்னிக்கி வண்டி நிக்காம போச்சே, அன்னிக்கி ராத்திரி சோறு எறங்கல. நஸ்ரின் கேட்டுச்சு, வயிறு சரியில்லன்னுட்டேன்" என்றார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதற்காக, "நீங்க பாவம் தூங்கிட்டு இருந்தீங்க" என்றார். "இல்ல சலீம். முழிச்சிருந்தேன்." அவர் என் தோளைத் தட்டினார். "தெரியும் மச்சான். தூங்கற ஆளு காத்துல பறக்காம தொப்பியைப் புடிச்சுக்கிட்டா தூங்குவாரு?" மாப்பிள்ளை வரும்போது வாசலில் கைபிடித்து அழைத்துவரப் பெண்ணின் அண்ணன் வேண்டுமே, யாரைச் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். அண்ணன் தம்பி இல்லாத பெண்ணுக்கு அத்தை மகன்தான், நஸ்ரினுக்கு நீதான், அந்த இடத்தில் நிற்பது நம் பக்கத்து வழக்கம். "நாள் இருக்குதே, பாத்துக்கலாம்" என்று ஜன்னலைப் பார்த்தார். யாரையும் சொல்லவில்லை என்று புரிந்தது.

திரும்பும்போது ஆலப்பாக்கம் வரை எனக்கு நிம்மதியாக இருந்தது. அவரே வேண்டாம் என்கிறார், நாம் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஆலப்பாக்கத்தில் ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். வண்டி ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. உள்ளே ஏறியிருந்த அவள் புருஷன், "யோவ் இருய்யா, எம் பொண்டாட்டி வருது" என்று ஓட்டுநரை அதட்டினான். பஸ் நின்றது. நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் செத்துப்போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்தேன்.

தகப்பன் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். உனக்கு வேண்டியவர்களுக்காக மற்றவர்களைக் காக்க வைக்கத் தயங்காதே. அது உனக்குத் தெரிந்துதான் இருக்கிறது, கோபுரத்துப் படியில் பார்த்தேன். அதை நீ என்னிடம் கற்கவில்லை. யாரிடம் கற்றாய் என்று யோசித்துப் பார். என்மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. அது எனக்குச் சேர வேண்டியது. கல்யாணத்தில் என்னைப் பார்க்க உனக்கு விருப்பமில்லை என்றால், நான் முதல் நாளே போய் நஸ்ரினுக்கு துஆ செய்துவிட்டு வந்துவிடுகிறேன். நீ மட்டும் போ.

இன்னும் ஒன்று. நீ பார்க்காமல் போனதை நான் பார்த்த அளவுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முகத்தை மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நெற்றியில் கற்பூரம் தடவியிருந்தார்கள். பெருநாளைக்கு வைத்த மருதாணி கட்டைவிரல் நகத்தில் பாதி மிச்சமிருந்ததைக் காலையில் பார்த்திருந்தேன். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை. அப்போதும் பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்துவிட்டேன். குழிக்குள் இறங்க வேண்டிய நேரத்தில் நான் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன், மாமாதான் இறங்கினார். உள்ளே வைத்த பிறகு தலைமாட்டு முடிச்சை அவிழ்த்து, துணியை விலக்கி, அவள் முகத்தை மேற்கே, கிப்லாப் பக்கம் திருப்பிவைத்தது அவர் கை. கடைசியாக அவளைப் பார்த்தவர் அவர்தான். மேலே ஏறி வந்தபோது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மண் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்று இதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீ போய்க் கேள்.

உன் வாப்பா